கேட்காமல் இறங்கிய ஓடுபாதை

போன வருடம் ஆடி மாதம். சண்டிலிப்பாயில் ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை. நான் மேசன். சுவரோரம் சாரமரம் நட்டு, ஏறி நிற்கப் பலகை போட்டிருந்தோம். காலையில் வந்ததும் ஏறினேன். கூட வேலை செய்பவர் பலகையைக் கட்டக் கயிறு எடுக்கப் போயிருந்தார். கட்டியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. ஆரையும் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. பலகை புரண்டது. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

நான் எழுத வந்தது அதை அல்ல. அதற்குப் பிறகு நடந்ததை.

ஐந்தாறு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மனைவியின் தமையன், என் மச்சான், கனடாவில் லொறி ஓட்டுகிறார். அந்த நேரம் லீவில் வந்து நின்றார். போகும்போது தன் பழைய லப்டொப்பையும் விமானம் ஓட்டும் கைப்பிடி ஒன்றையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். சண்டை விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு. விளையாட்டுத்தான். ஆனால் உண்மையான விமானத்தில் இருக்கிற சுவிச்சுகள் எல்லாம் அதில் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் ஞாயிறு பின்னேரங்களில் இணையத்தில் சேர்ந்து பறப்பார்கள். மச்சான் என்னையும் அதில் சேர்த்துவிட்டார். தமிழில்தான் கதைப்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது வசதி. நோர்வேயில் இருக்கும் ஒரு பெண் மட்டும் பறப்பதில்லை. அவர்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம். ஆர் எப்போது இறங்கலாம் என்று சொல்வது அவர் வேலை. அவரை இங்கிலீசில் ரவர் என்றுதான் கூப்பிடுவோம்.

"சண்டை நேரம் பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடின மனுசன், இப்ப பிளேன் ஓட்டுது" என்று மனைவி சிரித்தாள். உண்மைதானே.

இறங்குவதுதான் கடினம். பனிமூட்டம் போட்டுவிட்டால் ஓடுபாதை தெரியாது. அப்போது திரையில் இரண்டு கோடுகளைப் பார்த்து இறங்க வேண்டும். நெடுக்குக் கோடு, பாதைக்கு இடப்பக்கம் நிற்கிறோமா வலப்பக்கமா என்று காட்டும். கிடைக்கோடு, உயரம் கூடவா குறைவா என்று காட்டும். இரண்டையும் நடுவில் சிலுவை மாதிரி வைத்துக்கொண்டு வந்தால் ஓடுபாதை தானாக முன்னால் வரும். மற்றவர்கள் இதற்கு மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். எனக்கு இரண்டு கிழமையில் வந்துவிட்டது. நெடுக்குக் கோடு, சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு. கிடைக்கோடு, மட்டம் பார்க்கும் நீர்மட்டம். கண் நேர் என்று சொல்லும். குண்டு கோணல் என்று சொல்லும். குண்டைத்தான் நம்ப வேண்டும். முப்பது வருடமாக அதைத்தானே செய்கிறேன்.

இறங்குமுன் ரவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை அமத்திக் கதைக்க வேண்டும். நான் அமத்துவதில்லை. கோடு சரி, பிறகென்ன கேள்வி என்று இறங்கிவிடுவேன்.

"அண்ணை, கேட்டிட்டு இறங்கினா வாய் தேஞ்சு போமோ?" என்பார் ரவர்.

"அவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு பை சீமெந்து. வீணாக்கமாட்டார்" என்பார் சுவிஸில் இருக்கும் ஒருவர். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. திரும்பி வரும்போது நல்ல பனிமூட்டம். மச்சான் கோடு பிடித்து இறங்க மூன்று மாதமாகப் பழகினவர். ஒருநாளும் சரிவரவில்லை. அன்று சரியாக வந்துகொண்டிருந்தார். ரவர் அவருக்கு அனுமதி கொடுத்தது என் காதிலும் விழுந்தது. நான் அவருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றேன். கெதியாக இறங்கி ஓடுபாதையை விட்டு விலத்திவிடலாம் என்று நினைத்தேன். இறங்கி, வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து மச்சான் என் மேல் வந்து இறங்கினார். இரண்டு விமானமும் எரிந்தன.

"றன்வேயில ஆர் நிண்டது? அண்ணை, நீங்களோ?" என்று கேட்டார் ரவர்.

"ஓம்."

"நடு றன்வேயில மதில் கட்டிப்போட்டார்" என்றார் சுவிஸ்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை.

"மூண்டு மாசம்" என்றார் மச்சான். அவ்வளவுதான். போய்விட்டார்.

அவர் செய்தது எல்லாம் சரி. நான் அங்கே நின்றதுதான் பிழை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. சனிக்கிழமை தவறாமல் தங்கைக்கு, என் மனைவிக்கு, போன் எடுக்கிற மனிதன், அதுவும் இல்லை. ரவர் என்னிடம் தனியாகச் சொன்னார். "இனியும் கேக்காம இறங்கினா உங்களைச் சேர்க்கேலாது அண்ணை. மற்றவையின்ரை ஞாயிற்றுக்கிழமையும் கிடக்கெல்லோ."

காலில் கட்டு. கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பவன். எனக்கு இருந்தது அந்த ஞாயிறு ஒன்றுதான்.

"என்ரை அண்ணை ஏன் போன் எடுக்கேல்லை? என்ன செய்தனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

"விழுந்த அண்டைக்கும் நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லைத்தானே" என்று சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனாள்.

அன்று பின்னேரமே மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"ஞாயிறு வாரும்" என்றேன்.

"கேட்டு இறங்குவீரோ?"

"ஓம்."

வைத்துவிட்டார்.

ஞாயிறு வந்தார். அன்றும் பனிமூட்டம். பொத்தானை அமத்தினேன். "இறங்கலாமோ?" என்று கேட்டேன். சுவிஸ்காரர், "ஆரப்பா இது, புதுக் குரல்?" என்றார்.

"பொறுங்கோ அண்ணை. உங்கடை மச்சான் முன்னால வாறார். சுத்திக்கொண்டு நில்லுங்கோ" என்றார் ரவர்.

சுற்றினேன். மச்சான் முதல்முறை கோடு தவறி மேலே ஏறினார். மறுபடி சுற்றி வந்தார். நானும் சுற்றினேன். எண்ணெய் முள் சிவப்பில் கிடந்தது. என் கோடுகளைப் பிடித்து அப்படியே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கடைசியில் மச்சானின் குரல் கேட்டது.

"இறங்கீட்டன்! நான் விலத்தீட்டன் மச்சான். நீர் இறங்கும்."

"இறங்கலாம் அண்ணை" என்றார் ரவரும்.

கோடுகளை நடுவில் பிடித்தேன். பாதி வழியில் எஞ்சின் நின்றது. விமானம் தாழ, கிடைக்கோடு மெல்ல மேலே போனது. எழும்ப எண்ணெய் இல்லை. ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் புதர்ப் பற்றைக்குள் விழுந்தேன்.

"என்ன நடந்தது?" என்றார் ரவர்.

"எண்ணெய் முடிஞ்சுது."

"குறைவெண்டு ஏன் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்களை முதல்ல விட்டிருப்பனே!"

"நீங்கள் கேக்கச் சொன்னனீங்கள். கேட்டனான்."

முதலில் சிரித்தவர் மச்சான்தான். "நீர் திருந்தமாட்டீர்" என்றார். அன்று தங்கைக்கும் போன் எடுத்தார். குசினிக்குள் அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

தை மாதம் வேலைக்குத் திரும்பினேன். இப்போது பலகையில் கால் வைக்குமுன் "ஏறலாமோ?" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை கீழே நிற்கிறேன். மேலே நிற்கும்போது சில நாட்களில் கால் நோகும். அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. கேட்பது பழகிவிட்டது. சொல்வது இன்னும் கொஞ்சம் பழகக் கிடக்கிறது.