யாரும் போடாத கலர்

போன புயலில் கூரை போய்விட்டது. புதிதாகப் போட உத்திரமேரூர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார பாய் ஒரு தகரத்தை விரல்முட்டியால் தட்டிக் காட்டி, "எந்தக் காத்துக்கும் பறக்காது சார்" என்றார். டங்கென்ற அந்தச் சத்தத்தோடு என் அப்பா, நைனா, நினைவில் வந்து நின்றார்.

எங்கள் கிராமமான பெருநகரில், என் சின்ன வயதில், இப்படித்தான் ஒரு புயலில் எங்கள் தகரம் ஒன்று பறந்துவிட்டது. விடிந்ததும் நைனா கையில் குச்சியோடு கிளம்பினார். தெருவெல்லாம் ஈரச் சாணியும் முறிந்த வேப்பங்கிளையுமாக ஒரே வாடை. எதிரே வந்து பேசியவர்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர்களுடைய வீட்டுக் கூரையைத்தான் பார்த்தார். தட்டினால் எழும் சத்தத்தை வைத்தே எங்கள் தகரத்தைக் கண்டுபிடித்துவிடுவதாக அவருக்கு நினைப்பு. தெருக்கோடியில், சித்தப்பாவின் மாட்டுக் கொட்டகைமேல் கிடந்த தகரத்தைக் குச்சியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது என் வூட்டுத் தகரம்டா."

"தகரத்துல உம் பேரா எழுதிக்கீது?" என்றார் சித்தப்பா. "இது நான் வாங்கியாந்து போட்டது."

சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் நைனா ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார். யார் சொன்னது நிஜமென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நீலம் எடுத்துக்கோங்க சார். உங்க தெருவுல எல்லாம் அதான் போட்டுக்கினு கீறாங்க" என்றார் பாய்.

"நீலம் வேணாம் பாய். எங்க தெருவுல யாரும் போடாத கலர் இன்னா கீது?"

பாய் சிரித்துவிட்டார். "காலையில உங்க சித்தப்பா புள்ளையும் இதையேதான் சார் கேட்டாரு."