வடிகட்டியும் ஒரு எவர்சில்வர் தம்ளரும்

மலைத் தண்ணீர் மருந்து என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். மூலிகை வேர்களைத் தொட்டு வருகிறதாம், பாறையில் உருண்டு சுத்தமாகிறதாம். அமாவாசைக்கு மலைக்கோயிலுக்கு ஏறுகிற கூட்டம் காலையில் எங்கே ஒதுங்குகிறது என்று அவர்களிடம் கேட்க வேண்டும். ஓடை ஓரத்தில்தான். ஒதுங்கிவிட்டு அதே ஓடையில் இறங்கிக் கழுவுகிறார்கள். கொஞ்சம் கீழே இன்னொரு கூட்டம் அதே தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, ஆகா என்ன ருசி என்கிறது. நான் கண்ணால் பார்த்தவள்.

என் வீட்டுக்காரர் அந்த ருசியைக் குடித்துத்தான் சாகப் பார்த்தார். டைபாய்டு. சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, காய்ச்சலுக்குப் படுத்தால் மரியாதை போய்விடும். கடைசியில் குடலில் ஓட்டை விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்சில் போன வழி முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள். நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது தழும்பு.

டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உத்தரவாதம் குடுக்க முடியாதும்மா. கண்ட தண்ணி ஒரு வாய்கூட உள்ள போகக் கூடாது."

இதைக் கேட்ட மனுசன் என்ன செய்ய வேண்டும்? மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இவர் உடம்பு தேறியதும் முதல் வேலையாக ஷூவைத் துடைத்தார். மாசம் ஒரு தடவை ராஜபாளையத்துக்கு மேற்கே அனுமதி வாங்கிக் காட்டுக்குள் நடந்து போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிற கூட்டம் ஒன்று அவருக்கு இருக்கிறது. அவரோடு சேர்த்து நாலு பேர். "நடக்காம இருந்தா துருப்பிடிச்சுச் செத்துருவேன்" என்றார். சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், சமைக்காமல்கூட இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, போகத்தான் போகிறார் என்றால் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். ரெண்டு நாள் தண்ணீரைச் சுமக்க முடியாது, கனம் தூக்கக் கூடாது. காட்டுக்குள் தீ மூட்டிக் காய்ச்ச விடமாட்டார்கள், அது நியாயம்தான். குடித்துவிட்டு எறிகிற பாட்டிலுக்கு வனத்துறைச் சாவடியில் அனுமதி இல்லை, அதுவும் நியாயம்தான். போனில் தேடித்தேடிப் பார்த்து, மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கிற சின்ன வடிகட்டி ஒன்றை வாங்கினேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு கொய்யாக்காய் கனம்கூட இல்லை. உள்ளே நூல் நூலாக வெள்ளைக் குழல்கள். மில்லில் பல வருசம் நூலோடு மாரடித்தவள் நான். அவ்வளவு மெல்லிசான நூலுக்குள் ஓட்டை இருக்கும் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்தக் குழலின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் நுழையும், டைபாய்டுக் கிருமி நுழையாது. கூடவே ஒரு மடக்குப் பை. பையில் ஓடைத் தண்ணீரை மொண்டு, அதன் வாயில் வடிகட்டியைத் திருகிப் பிழிந்தால் மறுபக்கம் நல்ல தண்ணீர் விழும். கலங்கல் அடைத்துக்கொண்டால் சிரிஞ்சில் நல்ல தண்ணீர் எடுத்து எதிர்ப்பக்கம் வைத்து அழுத்த வேண்டும். வைரசுக்கு இது போதாது, பூச்சிமருந்து கலந்த தண்ணீருக்கு ஆகாது என்று அதோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. நான் முழுக்கப் படித்தேன். அவர் படிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு ரொம்ப நெருக்கமான சிநேகிதர் ஒருவர். இரண்டு பேரும் ஒரே பட்டாளம். இப்போது ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி தறி ஓட்டுகிறார். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். வடிகட்டியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மதினி, இந்தக் குப்பிய நம்பியா அண்ணன அனுப்புறிய? நம்ம தறித் துணி எதுக்கு இருக்கு? ஆபரேசனுக்கே அதத்தான் வைக்கான். நாலா மடிச்சு வடிகட்டுனா எந்தக் கிருமி உள்ள வரும்?"

"கொசு வராது தம்பி. கிருமி வரும்."

"எப்படி வரும்?"

"புண்ணுல கட்டுனா சீழ் ஊறி வெளிய வருதுல்லா, அப்படித்தான்."

அவர் அதற்கும் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற ஆள்.

முதல் தடவை வடிகட்டியோடு போய்விட்டு வந்தார்கள். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "பில்டர் தண்ணி மட்டும்தான குடிச்சிய?"

"ஆமாட்டி, உன் பில்டர் தண்ணிதான். வேற ஒண்ணும் குடிக்கல."

நம்பினேன். கொஞ்ச நாளில் காய்ச்சல். அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. ஆரம்பத்திலேயே தூக்கிக்கொண்டு ஓடியதால் ஊசியோடு போயிற்று, கத்தி வைக்கவில்லை. ரத்தப் பரிசோதனை வருகிற வரைக்கும் நான் அந்த பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு. ஆன்லைனில் வாங்கினால் அப்படித்தான். டூப்ளிகேட்டாக இருக்கும். பொம்பளை பேச்சைக் கேட்டுப் பொம்மையை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனால் என்ன ஆகும்? தறிக்காரச் சிநேகிதர் ஆப்பிளோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார். என் வீட்டுக்காரர் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வடிகட்டியை எடுத்து நனைத்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். உள்ளே குழல் முறிந்திருந்தால் நனைந்த பிறகும் காற்று போகும். கன்னம் வலிக்க ஊதினேன். போகவில்லை. வடிகட்டி நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கிருமி எந்த வழியாக வந்தது? அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். "தெரியலட்டி" என்றார்.

அவர் தேறி மறுபடியும் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு அப்போது இல்லை.

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தறிக்காரர் ஆரம்பித்துவிட்டார். "ஏ, பாருங்கப்பா, மதினி ஷூவெல்லாம் போட்டு வாராக! அண்ணே, நம்ம ஹவில்தாரே இப்படி நடந்ததில்ல."

"உங்க ஹவில்தார் உங்கள ஒழுங்கா நடத்தியிருந்தா நான் எதுக்கு வாரேன்?" என்றேன்.

மாந்தோப்புகளைத் தாண்டி, சாவடியில் பையைக் காட்டி, மேலே ஏறினோம். நன்றாகத்தான் நடந்தேன். ஓடைக்கு வந்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்து கவனித்தேன். அவர் பையில் தண்ணீரை மொண்டார். வடிகட்டியைத் திருகினார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. நுனியில் யாரும் வாய் வைக்கக் கூடாது, எச்சில். அதனால் தறிக்காரர் தன் பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்தார். பளபளவென்று இருந்தது. குனிந்தார். ஓடையில் முக்கினார். விரலை உள்ளே விட்டுச் சுற்றி நன்றாகக் கழுவினார், உதறினார், வடிகட்டிக்குக் கீழே நீட்டினார். நிறைந்ததும் முதல் தம்ளரை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"குடிக்காதிய!"

கத்திய கத்தலில் எல்லாரும் பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கினார்கள்.

"தம்பி, இப்ப என்ன செஞ்சிய?"

"என்ன மதினி, அண்ணனுக்குத் தண்ணி குடுக்கேன்."

"அதுக்கு முந்தி?"

"தம்ளரக் கழுவுனேன். கழுவாத தம்ளர்லயா குடுப்பாக?"

"எதுல கழுவுனிய?"

அவர் ஓடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒட்டியிருக்கிறது ரெண்டு சொட்டு மதினி."

"எம்புட்டு சொட்டு வேணும்னு கிருமி உங்ககிட்ட கேட்டுட்டா வருது? ஓடையில கழுவுன தம்ளர்ல ஊத்துறதுக்கு எதுக்குப் பில்டர்? நேரா மொண்டு குடுத்துர வேண்டியதுதான?"

கூட வந்த மற்ற இரண்டு பேரும் தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் தம்ளரைப் பாறை மேல் வைத்துவிட்டு, கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"போன தடவையும் இந்தத் தம்ளர்தானா?"

லேசில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"இவிய ஓடையில கழுவுறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார். "அவன் ஆசையா நீட்டுதான். வேண்டாம்னா அவன் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? ஒருத்தன் கைத் தண்ணிய வேண்டாம்னா நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். இந்தப் பக்கத்தில் யார் கைத் தண்ணீரை யார் குடிக்க மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். பிறப்பைப் பார்த்துத் தண்ணீரை மறுத்தவர்கள் ஒரு நாளும் வெட்கப்படவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுத்தார்கள். குடலை வெட்டி எடுத்தவருக்கு மட்டும் மறுக்க வெட்கமாக இருக்கிறது. ஒரு சிநேகிதனின் முகம் செத்த நேரம் வாடக் கூடாது என்பதற்காக என்னை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்தார். ஊரெல்லாம் வடிகட்டியைத் திட்டியபோது, காரணம் தெரிந்தும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தறிக்காரருக்கும் இப்போது சிரிப்பு போய்விட்டது. "ராஜஸ்தான் கேம்ப்ல ஒரே பாட்டில்ல குடிச்சோம் மதினி. மாத்தி மாத்தி வாய் வச்சுக் குடிச்சோம். அப்ப வராத சீக்கா?"

"அப்ப அங்க எச்சில் பார்க்கல. இங்க வந்ததும் தம்ளர் கேக்குதோ? ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வந்து அதுல பிழிஞ்சு குடிச்சா என்ன குறைஞ்சிரும்?"

"அப்ப இனி என் கையால அண்ணன் தண்ணி குடிக்கக் கூடாது. அதான?"

"ஆமா. மலையில கூடாது."

"ஏட்டி, போதும், விடு" என்றார் என் வீட்டுக்காரர். என்னைத்தான் அடக்கினார். தறிக்காரரை இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டோம். நடந்தோம். என் பாட்டிலில் நான் பிழிந்து வைத்திருந்த தண்ணீரை என் வீட்டுக்காரர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. வெயில் ஏறியது. அடுத்த ஓடையில் மறுபடியும் நின்றோம்.

தறிக்காரர் தம்ளரை எடுத்தார். இந்தத் தடவை ஓடையில் முக்கவில்லை. கழுத்தில் போட்டிருந்த பேண்டேஜ் துணியால் தம்ளரை உள்ளும் புறமும் துடைத்தார். "பாருங்க மதினி, ஓடையத் தொடல" என்றார். வருகிற வழியெல்லாம் ஓடையில் நனைத்து முகம் துடைத்துக்கொண்டு வந்த துணி அது. சொட்டச் சொட்ட ஈரம். தம்ளரை வடிகட்டிக்குக் கீழே பிடித்து, நிறைத்து, என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். விளையாட்டுக்கு இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, வாங்குகிறாரா இல்லையா என்று பார்க்கிறார்.

வாய் வரைக்கும் வந்ததை நான் விழுங்கினேன். எல்லா ஓடைக்கும் நான் பின்னாலேயே வர முடியாது. இவர் வாயில் வரவேண்டிய வார்த்தையை நானே சொல்லிக்கொண்டிருந்தால் இன்னொரு ஆம்புலன்ஸ்தான். பாறையில் நகத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் தம்ளரை வாங்கினார். கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து தண்ணீரை ஒரு செடி மூட்டில் ஊற்றினார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை இழுத்துக் கழுத்து வரைக்கும் தூக்கினார்.

"நீ இதப் பாத்ததில்லல்லா?"

அந்தச் சிநேகிதர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் இவர் மேல் போர்வைதான் இருந்தது. இப்போது தறிக்காரர் அந்தத் தழும்பை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"இதுக்குள்ள இனி வெட்டுறதுக்கு இடமில்லலே. உன் கையால எனக்கு வேண்டாம். கோவிச்சுக்கிட்டாலும் சரி, வேண்டாம்."

சட்டையை இறக்கிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே வார்த்தையை முதல் தடவையே சொல்லியிருக்கலாம் அல்லவா என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அதை அன்றைக்கே அவரிடம் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

மறுநாள் இறங்கி ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பிரிகிறபோது தறிக்காரர் தம்ளரை என் கையில் திணித்தார். "நீங்களே வச்சுக்கிடுங்க மதினி. எனக்கு வேண்டாம்." என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனார். அதன் பிறகு என்னோடு பேச்சு இல்லை. என் வீட்டுக்காரரோடு மட்டும் போனில் பேசுகிறார். அடுத்த நடைக்கு நாலு பேரும் ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தறிக்காரர் வாங்கியது சிவப்பாம்.

தம்ளர் எங்கள் வீட்டில் அரிசி அளக்க இருக்கிறது. நல்ல கனமான தம்ளர். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.