பூதம் கேட்ட காணிக்கை

கோயிலுக்குப் பாட்டும் பிள்ளைகளுக்கு மாயக்கதையும் எழுதும் பிழைப்புக்கு முதல் தேவை, மத்தியானம் ஒரு மணி நேரமாவது தூங்குகிற குழந்தை. கைக்குழந்தையோடு எழுத உட்காரும் அம்மாக்களே, உங்களுக்குத் தெரியாததா? இந்த வருஷம் எங்கள் பங்குத் திருவிழாப் பூசையில் முதல்முறையாக என் பாட்டு.

கிசுகிசு

பூசையில் மக்கள் காணிக்கை கொண்டுபோகும்போது பாடுகிற காணிக்கைப் பாட்டைப் போனில் பதிவு செய்தபோது பக்கத்தில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் மூச்சுக்குள்ளேயே பாடி, பாடகர் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். ஒத்திகைக்குப் போனால் இருபது பேரும் பாட்டைக் கிசுகிசுக்கிறார்கள். குழுவை நடத்தும் சூசை அங்கிள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்.

"மதாம், நீ எப்படி அனுப்பினியோ அப்படியே பழகிட்டோம். ஒரு பிசிறு மாத்தல" என்றார் பெருமையாக.

பூக்கடை விசாரணை

போன வருஷம் வந்த என் கதைப் புத்தகத்தில் கடலுக்கடியில் ஒரு பசிப் பூதம் உண்டு. குழுவில் எல்லோரையும்விட உரக்கப் பாடும் ஸ்டெல்லா அக்கா, பெரிய மார்க்கெட் பூக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கோயிலுக்கு எழுதுற கையால பூதத்தையும் எழுதுவியா? ஃபாதருக்குத் தெரியுமா?"

கான்வென்டில் படித்தவள் நான். 'தெரியுமா' என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஃபாதர் காதுக்குப் போனால் என் பாட்டு அவ்வளவுதான். "அது நல்ல பூதம்கா" என்று இழுத்தேன்.

"நல்லதுன்னா ஞானஸ்நானம் குடுத்துட்டு எழுது" என்றார், மல்லியை முழம் போடச் சொல்லியபடி.

மாறிப்போன பதிவு

கிசுகிசுப்பைச் சரிசெய்ய வேண்டுமே. பாப்பாவை அவள் அப்பாவோடு தவளக்குப்பத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீடே அதிரப் பாடினேன். அதே வேகத்தில், அடுத்த புத்தகத்துக்காகப் பூதத்தின் பாட்டையும் பதிவு செய்தேன். அவசரத்தில், 'இனி இதையே பழகுங்கள்' என்ற குறிப்போடு குழுவுக்குப் போனது பூதத்தின் பாட்டு.

பாப்பாவுக்குக் காய்ச்சல், மூன்று நாள் போனையே தொடவில்லை. கடைசி ஒத்திகைக்கு ஆட்டோவில் போய் இறங்கினால், கோயில் படியிலேயே கேட்கிறது: 'பசிக்குது பசிக்குது, கொண்டாங்க கூடைய.' கண்மூடி உருகி, எல்லோருக்கும் மேலே ஸ்டெல்லா அக்கா. முதல் பெஞ்சில் ஃபாதர்.

"அங்கிள், அது பூதத்தோட பாட்டு" என்றேன். ஆர்மோனியம் நின்றது.

"ஆண்டவருக்கே பசிக்குதுன்னு எழுதிட்டியே, என்னா துணிச்சல்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்றார் அங்கிள்.

ஃபாதர் எழுந்தார்

பாப்பா, போன், பூதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஸ்டெல்லா அக்கா பாட்டுத்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் சிரிக்கவில்லை. "சரியானதப் பாடும்மா" என்றார்.

கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் குரல் பிடிபட்டது. இரண்டாம் சரணத்தில் அங்கிளின் ஆர்மோனியம் சேர்ந்தது, பிறகு ஸ்டெல்லா அக்கா, பிறகு இருபது பேரும். இந்த முறை முழுத்தொண்டையில். எனக்குச் சிலிர்த்துப்போயிற்று.

"திருவிழாவுக்கு இதுதான்" என்று சொல்லிவிட்டு வாசல்வரை போன ஃபாதர் திரும்பி வந்தார். "ஏம்மா, அந்தப் பூதத்துக்கு யாராவது சோறு போட்டாங்களா?"

திருவிழாப் பூசையில் என் பாட்டு முடிந்தும் நான் கண் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒருவருக்கொருவர் 'சமாதானம்' சொல்லும் நேரம் வந்தது; எனக்குக் கைகூப்பியவர்களில் பாதிப் பேர் விசாரித்தது பூதத்தின் பசியைத்தான்.