ராகு காலத்தில் ஆறிய எஞ்சின்

போன வெள்ளிக்கிழமை கடலூரில் ஒரு பழைய எஸ்.யூ.வி. பார்க்கப் போனோம். நானும் என் மனைவியின் தம்பி செல்வமும். அவன் கையில் எலுமிச்சம்பழம், பையில் அட்வான்ஸ். பார்ப்பதற்கு முன்பே வாங்கிவிட்டான் என்று அர்த்தம்!

அவன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. வாரம் இரண்டு முறை என் மாமனாரை அண்ணாமலை நகரிலிருந்து புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறான். போன மாதம் வாடகைக் கார் ஆலப்பாக்கம் தாண்டி நின்றுவிட்டது. மொட்டை வெயிலில், ரோட்டோரம், வீங்கிய காலோடு அவர்... இனி சொந்த வண்டிதான் என்று முடிவாயிற்று. கால் நீட்டிக்கொள்ளப் பெரிய வண்டி. முக்கியமாக, வழியில் நிற்காத வண்டி.

எங்களைக் கண்டதும் வண்டிக்காரர் சாவியைத் திருப்பினார். டக்கென்று ஸ்டார்ட் ஆனது.

"கேட்டீங்களா மாமா, சவுண்டே இல்ல!" செல்வம் பூரித்தான்.

நான் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. நிழலில் நிற்கிற வண்டிக்கு ஏன் ஜுரம்?

"இப்பதான் சார், பால் வாங்கப் போயிட்டு வந்தேன்" என்றார். பால் பூத் எதிர்வாடையிலேயே இருந்தது!

"பத்தரைக்கு ராகு காலம் மாமா. அதுக்குள்ள அட்வான்ஸ குடுத்துடலாம்."

டயரைப் பார்த்தேன். ஸ்டெப்னியைப் பார்த்தேன். டிக்கியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்... மணி பத்தரையைத் தாண்டியது.

"அடடா, ராகு காலம் வந்துடுச்சே மச்சான்! பன்னெண்டு வரைக்கும் எதையும் தொடக்கூடாது. எஞ்சின ஆஃப் பண்ணிடுங்க சார்."

செல்வம் முறைத்தான். "நீங்க எப்பலேர்ந்து மாமா இதெல்லாம் பாக்குறீங்க?"

டீக்கடையில் அவன் உட்காரவே இல்லை. "வேற எவனாவது வந்து முடிச்சிட்டுப் போயிடுவான்" என்று வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தான். நல்ல வண்டியாகவே இருந்து, என் சந்தேகத்தால் கைநழுவினால்? மாமனாரின் முகத்தில் எப்படி விழிப்பது?

பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றோம். வண்டிக்காரர் சாவியைத் திருப்பினார். கர்... கர்... அவ்வளவுதான். மறுபடியும் கர்...

அப்புறம்தான் வேடிக்கை. யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர். வண்டிக்குப் பின்னால் அவரவர் இடத்தில் போய்க் கை வைத்து நின்றார்கள்.

"ரெடிண்ணே! செகண்ட் கியர்தானே?"

செல்வம் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டான். "எங்கப்பாவையா எறங்கித் தள்ளச் சொல்றது? வாங்க மாமா, போலாம்."

இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்களும் தேடுகிறவரா? முதலில் பானெட்டைத் தொடுங்கள். சுட்டால், ஆறும்வரை நகராதீர்கள்; சூட்டில் எந்த எஞ்சினும் டக்கென்று ஸ்டார்ட் ஆகும்.

ராகு காலத்தில் நல்லதே நடக்காதாமே... யார் சொன்னது?