செங்கழுத்துப் பட்டாம்பூச்சியும் என் வீட்டுக்காரரும்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னைப் பற்றிப் பேசியதைவிட ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கோப்பெங் ஊரை ஒட்டிய மலையடிவாரத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அந்தப் பூச்சி உள்ளங்கையைவிடப் பெரியதாம், கறுப்பு இறக்கையில் வரிசையாகப் பல் போலப் பச்சைத் திட்டுகளாம், கழுத்து மட்டும் ரத்தச் சிவப்பாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் தெலுக் இந்தான்காரி. எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை அணைதான்.

“ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு” என்பார். அந்த ஒரு நாள் வரவேயில்லை. ஓவர்டைம், பிள்ளைகள் பரீட்சை, யார் வீட்டிலாவது விசேஷம். அப்புறம் இனிப்பு நீர் நோய் அவர் கண்ணுக்குள் இறங்கியது. போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளைக்கென்று தெரியாது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், “மலைக்குப் போலாமா?” என்றார். கடைசியாக ஒரு தடவை அந்தப் பூச்சியைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். அதை எப்படியாவது அவர் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் நான்தான் காரை ஓட்டினேன். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த தோட்டம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, முனியாண்டி கோயில் மட்டும் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால், திருவிழாவுக்குக் கரகம் ஜோடித்துப் பாலிக்கும் ஆற்றோரச் சேற்றில்தான் அவை வந்து உட்காரும் என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் சேறே இல்லை. கரை முழுக்கச் சிமெண்டு.

கரகம் எடுக்கும் பெண்கள் வருஷா வருஷம் வழுக்கி விழுகிறார்கள் என்று, ஒரு திருவிழாவுக்கு முன்னால் இவரும் மச்சான்மாருமாகச் சேர்ந்து குழைத்துப் பூசியது அது என்று அப்போதுதான் சொன்னார். அந்தச் சேற்றின் உப்புக்காகத்தான் பூச்சி மலையிலிருந்து இறங்கி வருகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவிப் பார்த்தபடி நின்றார்.

“நல்லா இருக்கு லா! உங்க கையாலயே மூடிட்டு, இப்ப என்னைக் கூட்டிட்டு வந்து காட்டுறீங்களாக்கும்!” என்று கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பூசாரி வெளியே வந்தார். “மேல சுடுதண்ணி ஊத்துப் பக்கம் போங்க அண்ணே. அங்க இன்னும் சேறு இருக்கு. வெயில் ஏறுனா பூச்சி வரும் லா.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு இவர் ஏறினார். வேர் வந்தால் நான் சொல்வேன், அவர் காலைத் தூக்குவார். என் காலில் அட்டை வேறு. ஊற்றின் ஓரத்தில் ஒரு கல்லில் அவரை உட்கார வைத்தேன். வெயில் சேற்றில் விழுந்ததும் அவை வந்துவிட்டன. கறுப்பாக ஏதோ இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஆனால் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிகிறதா, தெரிகிறதா என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவரோ ஒன்றுமே இல்லாத வேறொரு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தாங்க முடியவில்லை. மோவாயைப் பிடித்துத் திருப்பினேன். “அங்க இல்லைங்க. இங்க, இங்க பாருங்க.”

என் கையை மெல்ல எடுத்துவிட்டார். “எனக்கு எதுக்கும்மா காட்டுற? நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து பாத்தவன். நீ பாத்தியா?”

“இல்லை” என்றேன்.

“என்னா பொம்பளை நீ! உனக்காகத்தானே வந்தேன். நாளைக்கு எனக்குச் சுத்தமாத் தெரியாமப் போனா, யாரு எனக்கு இதைச் சொல்லுவா? நீ பாத்தாதானே சொல்ல முடியும்?”

அப்போதுதான் திரும்பினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. துப்பட்டாவால் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு, இமைக்கப் பயந்துகொண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.