காவிக்கு அடியில் இருந்த சிவப்பு

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை மடித்து உறையில் போடுவது என் வேலை. நாள் முழுக்க அந்தத் துணியோடு கிடப்பதால் பாதி டாக்டர் என்ற நினைப்பு எனக்கு. கம்பெனியில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவார்கள். நானும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது வேனல்கட்டி, இது சேற்றுப்புண், இது அக்கி என்று சொல்லிவிடுவேன். ஒன்றிரண்டு தடவை நான் சொன்னது சரியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

கான்சாபுரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. நடவு சமயத்தில் என் வீட்டுக்காரர் காலையில் பஸ் ஏறிப் போனால் பொழுதுக்கும் சேற்றில் நிற்பார். அந்த வருஷம் நடவு முடிந்த மறுநாள், அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. தோல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. நடுவில் இரண்டு மூன்று நீர்க்கொப்புளம். அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு.

"ஏட்டி, டாக்டர்ட்ட காட்டிருவோமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"கொப்புளத்தப் பாத்தா தெரியலையா? இது அக்கி. ஊசி கீசி போட்டா உள்ள இறங்கிரும். பேசாம எழுதிட்டு வருவோம்" என்றேன்.

அக்கிக்கு எங்கள் பக்கத்தில் எழுதுவார்கள். மண்பானை செய்கிறவர் காவியைக் குழைத்து, கொப்புளம் வந்த இடத்தில் பூசி, சுற்றிலும் கோடு இழுத்து விடுவார். மூன்று நாள் தொடர்ந்து எழுத வேண்டும். அதுவரை தண்ணீர் படக்கூடாது, கறி மீன் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படி எழுதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

எழுதுகிறவர் காலைப் பார்த்தார். கையில் எடுத்த காவிக் கிண்ணத்தைத் திரும்பக் கீழே வைத்தார்.

"தாயி, அக்கின்னா கொத்துக் கொத்தா வரும். எரிச்சல் இருக்கும், இம்புட்டு வீக்கம் இருக்காது. இது எனக்கு வேற மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரில ஒரு எட்டு காட்டிட்டு வாங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் பாக்காத அக்கியா? நீங்க எழுதுங்க" என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவரோ என் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுதினார், முழங்கால் வரைக்கும்.

காவி காய்ந்ததும் கால் முழுக்க ஒரே செம்மண் நிறம். சிவப்பு எங்கே முடிகிறது என்று பார்க்க இனி வழியில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மறுநாளும் போய் எழுதிக்கொண்டு வந்தோம். அன்று சாயங்காலம் அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். "விஷம் வெளிய போவுது, அப்படித்தான் இருக்கும்" என்று போர்வையை இழுத்து மூடினேன். கால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்ததைக் காவிக்கறை என்று நினைத்தேன். எவ்வளவு தைரியம் எனக்கு!

மூன்றாம் நாள் காலையில் அவரால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அப்போதுதான் காவியைத் துடைத்துப் பார்க்கத் தோன்றியது. வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்தேன். துணி சிவப்பாக வந்தது. அலசிவிட்டு மறுபடி துடைத்தேன். பிறகு துணி வெள்ளையாகவே வந்தது. ஆனால் கால் சிவப்பாகவே இருந்தது, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும்.

ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். நகக்கண்ணில் கூடக் காவி தெரியாதபடி சோப்புப் போட்டு அவர் காலைக் கழுவினேன். அந்த இரண்டு விரலின் கறுப்பு மட்டும் போகவில்லை. டாக்டர் பார்த்தால் திட்டுவாரே என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கால் விரல்களை விலக்கிப் பார்த்தார். "சேத்துல நின்னீங்களா? விரல் இடுக்கு வெடிச்சிருக்கு பாருங்க. இது வழியாத்தான் கிருமி உள்ள போயிருக்கு" என்றார். பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில் தோலின் மேல் சுற்றிக் கோடு போட்டார். இந்தக் கோட்டை அது தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"எத்தனை நாளா இருக்கு?"

"நேத்து சாயங்காலந்தான் பாத்தோம்" என்றேன். யோசிக்கவே இல்லை, அதுவாக வந்துவிட்டது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "நேத்து ஆரம்பிச்சு இன்னிக்கு முழங்காலா? அப்படின்னா சதையையே அழிக்கிற கிருமியா இருக்கலாம். மருந்து ஏத்திப் பாக்க நேரமில்லை, உடனே காலைத் திறந்து பாக்கணும். கால் மிஞ்சுமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

தாள் என் கையில் இருந்தது. என் ஒரு பொய்யை நம்பி அவர் காலை அறுக்கப் போகிறார்கள். சொல்ல வேண்டியது ஒரு வரிதான். கூட்டிப்போனதும் நான்தான், எழுதச் சொன்னதும் நான்தான், கழுவி மறைத்ததும் நான்தான் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

கட்டிலிலிருந்து அவர் பேசினார்.

"மூணு நாளாச்சும்மா. இவளுக்கு நேத்துத்தான் தெரியும். நாந்தான் அக்கின்னு நெனச்சுக் காவி எழுதிக்கிட்டேன். இவ ஆஸ்பத்திரிக்குப் போவோம்னுதான் சொன்னா."

டாக்டரம்மா அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இப்படியா என்று கத்தினார். பிறகு, மூன்று நாள் என்றால் மெல்லத்தான் பரவியிருக்கிறது என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் நரம்பில் மருந்து ஏற்றச் சொன்னார். நான் காலை உயர்த்தித் தலையணை வைத்துவிட்டு, அந்தப் பேனாக்கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் சிவப்பு ஒரு விரற்கடை தாண்டிவிட்டது. இன்னொரு கோடு போட்டார்கள். அதற்குள் நின்றது. இரண்டு நாளில் மெல்ல இறங்க ஆரம்பித்தது. கால் தப்பியது, கறுத்த விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வத்திராயிருப்பிலிருந்து என் நாத்தனார் பார்க்க வந்தாள். கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கியாம், எழுத்தாம்! மதினி அம்புட்டுச் சொல்லியும் கேக்கலையாமே. அவிய பேச்சக் கேட்டிருந்தா ரெண்டு விரலு போயிருக்குமா?"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஆமா, என் புத்தி அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகலாம் போல் இருந்தது. கையை மட்டும் உருவிக்கொண்டேன். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.