ஒகேனக்கல்லில் ஒரு வாளி வெந்நீர்

காலை 7.10-க்கு ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தோம். அரூரிலிருந்து கிளம்பி மூன்றாவது நாள். முந்தைய இரவு இண்டூரில் ஒரு புளியமரத்தடியில் தங்கினோம். பழைய வேனில் கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் நானே பொருத்தியவை. எல்லாவற்றுக்கும், என்ஜினுடையது போகத் தனியாக ஒரே பேட்டரி, கூரையில் சோலார். ஃபிரிட்ஜில் என் மனைவி மலர்க்கொடியின் இன்சுலின், பத்து நாளைக்கு.

8.00. எண்ணெய் மசாஜ், முந்நூறு ரூபாய். மாதையன் என்பவர் என்னைப் பாறையில் கிடத்தி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஊற்றிப் பிசைந்தார். பிறகு அருவியில் நின்றால் எண்ணெய் தானாகப் போய்விடும். முதுகு முடிவதற்குள் ஒலிபெருக்கி பேசியது: நீர்வரத்து அதிகம், குளிக்கத் தடை.

“இப்ப நான் என்னங்க பண்றது?”

“வூட்டுக்குப் போயி சுடுதண்ணி ஊத்திக்கங்க,” என்றார், கையைத் துடைத்தபடி.

வீடு எண்பத்தைந்து கிலோமீட்டர். வேன் இருநூறு அடி.

8.50. ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரில், வெந்நீர் போடும் ஆயிரம் வாட் ராடைப் போட்டேன். பேட்டரி மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது, நிறைய இருக்கிறது என்று நம்பினேன். சுவிட்சைத் தட்டியதும் 11, பிறகு 10.6. இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. ராடைப் பிடுங்கினால் ஐந்தே நிமிடத்தில் மறுபடி 12.1. செலவான கரண்ட் எந்த வழியாகத் திரும்பி வந்தது? வந்தது வந்ததுதானே என்று மறுபடி போட்டேன். மறுபடி கத்தியது. இப்படி நாலு தடவை. ராத்திரி முழுக்க விளக்கையும் ஃபேனையும் ஓட்டிய பேட்டரிக்கு ஒரு வாளி தண்ணீர் ஏன் இவ்வளவு பெரிய வேலை என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாளாக வெயிலே இல்லை என்பதும், ஃபிரிட்ஜும் அதே பேட்டரிதான் என்பதும் அந்தக் குழப்பத்தில் மறந்தே போயின.

9.30. வேனில் சத்தமே இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே இருட்டு. இன்சுலின் டப்பாவைக் காணோம், மலர்க்கொடியையும் காணோம்.

மருந்துக் கடைக்குப் பென்னாகரம் போக வேண்டும், பதினாறு கிலோமீட்டர். அங்கே இதே மருந்து இல்லாவிட்டால்? சட்டைகூடப் போடாமல் எண்ணெய் சொட்ட ஓடினேன். ஒரு மீன் வறுவல் கடையில் உட்கார்ந்து அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“மருந்து எங்க?”

“இந்த அக்கா கடை ஐஸ் பெட்டியிலங்க. துண்டுல சுத்தி, ஐஸ் படாம வெச்சிருக்குது.”

“எப்பக் கொண்டாந்த?”

“நீங்க ராட எடுத்தப்பவே.”

“பேட்டரி தீந்துடும்னு உனக்கெப்படித் தெரியும்?”

“பேட்டரியப் பத்தி எனக்கென்னங்க தெரியும். உங்களத் தெரியும்.”

10.15. வெதுவெதுப்பான தண்ணீரில் பாதி எண்ணெய்தான் போயிற்று. மீதியோடு ஊர் திரும்ப ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வீட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பேப்பர் படிப்பவன் நான். வெந்நீர் எதைத் தின்று சூடாகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என்ஜின் ஓட ஓடப் பேட்டரி ஏறி, பென்னாகரம் தாண்டும்போது ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. மருந்தை உள்ளே வைக்கச் சொன்னேன்.

“இருக்கட்டுங்க,” என்று டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டாள், அரூர் வரைக்கும்.